நாய்களுக்கு வரும் ரத்தசோகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ரத்தம் கம்மியா இருக்காம், நல்ல டானிக் எழுதிக் கொடுங்க" என்று கேட்பவர்களே அதிகம். அந்தப் பதைப்பு புரிகிறது. ஆனால் ரத்தசோகை என்பது தனி நோய் அல்ல, உள்ளே நடக்கும் வேறொன்றின் விளைவு. ரத்தம் ஏன் குறைந்தது என்று பார்க்காமல் டானிக்கில் கழிகிற ஒவ்வொரு வாரமும் அந்த நாயின் கணக்கில்தான் கழிகிறது. அதனால் இங்கே வரும் பதில்களில் பெரும்பகுதி காரணங்களைப் பற்றியே இருக்கும்.

எந்த அளவுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறார்கள்?

பரிசோதனைச் சீட்டில் பி.சி.வி. அல்லது ஹெமட்டோகிரிட் என்று ஒரு வரி இருக்கும். மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதே அது. வளர்ந்த நாய்க்கு ஏறக்குறைய 37 முதல் 55 வரை இருக்கலாம். 37-க்குக் கீழே, ஆனால் 30-க்கு மேல் இருந்தால் லேசான சோகை, 20-களில் இருந்தால் நடுத்தரம், 20-க்குக் கீழே போனால் கடுமை. கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாய்களுக்கு இயல்பே 50-க்கு மேல் என்பதால், அவற்றுக்கு 40 வந்தாலே யோசிக்க வேண்டும். சில வாரக் குட்டிகளுக்கு மாறாக, இயல்பிலேயே குறைவாக இருக்கும்.

எண்ணைவிட முக்கியம், அது எவ்வளவு வேகமாக இறங்கியது என்பது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல 15-க்கு இறங்கிய நாய் வாலாட்டிக்கொண்டு நடந்து வரும். இரண்டே நாளில் 20-க்கு விழுந்த நாயால் எழுந்து நிற்க முடியாது. "நல்லாத்தானே நடக்குது" என்பதை வைத்து அளவு சரியாக இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள்.

வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈறைப் பாருங்கள். மேல் உதட்டைக் கோரைப்பல்லுக்கு மேலே மெதுவாகத் தூக்கினால் ஈறு தெரியும். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் ஒரு நொடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். ரத்தசோகை முற்றிய நாய்க்கு ஈறு ஏற்கெனவே வெளுத்திருப்பதால், அழுத்தினாலும் விட்டாலும் வித்தியாசமே தெரியாது. ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கலாம், அல்லது ஈரல் கெட்டிருக்கலாம்.

நாய் நலமாக இருக்கும்போதே இதைப் பகல் வெளிச்சத்தில் நாலு தடவை பார்த்துப் பழகுங்கள். இயல்பான நிறம் கண்ணில் பதிந்திருந்தால்தான் வெளுப்பு பிடிபடும். செல்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மற்ற அறிகுறிகள்: கொஞ்சம் ஓடினாலே படுத்துக்கொள்வது, சாப்பாட்டில் நாட்டமின்மை, மூச்சு வாங்குவது, நெஞ்சில் கை வைத்தால் இதயம் வேகமாக அடிப்பது, மண்ணையும் சுவரையும் நக்குவது, கறுத்துப் பிசுபிசுக்கும் மலம், காப்பி நிறச் சிறுநீர். தூங்கும்போது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாயின் ஈறு கறுப்பு. என்ன செய்வது?

கீழ் இமையை லேசாக இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். அதுவும் தெளிவாக இல்லையென்றால் பெண் நாய்க்குப் பிறப்புறுப்பின் உள்தோல், ஆண் நாய்க்கு ஆண்குறி உறையின் உள்தோல்.

காலை வரை காத்திருக்கலாமா, உடனே ஓட வேண்டுமா?

ஈறு வெளுத்து, நாய் நிற்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மயங்கி விழுந்தாலோ, வயிறு திடீரென்று உப்பினாலோ, நிற்காமல் ரத்தம் வந்தாலோ அந்த நேரமே கிளம்புங்கள். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்ற வேண்டாம். நடக்க வைக்காமல் தூக்கிச் செல்லுங்கள். ரத்தம் குறைந்த நாய்க்கு வாசல்வரை நடப்பதுகூடப் பெரிய சுமை.

ரத்தம் குறைவதற்கு என்னென்ன காரணங்கள்?

மூன்றே வழிகள்தான். ரத்தம் குழாயை விட்டு வெளியே போகிறது, அல்லது உடலுக்குள்ளேயே சிவப்பணுக்கள் உடைகின்றன, அல்லது எலும்பு மஜ்ஜை புதிதாகத் தயாரிக்கவில்லை. அடிபடுதல், கொக்கிப்புழு, தெள்ளு, குடல்புண், எலி மருந்து, மண்ணீரல் கட்டி ஆகியவை முதல் வகை. உண்ணி கொண்டுவரும் பபீசியா என்ற கிருமி, வெங்காயம், துத்தநாகம் கலந்த நாணயத்தையோ நட்டு போல்ட்டையோ விழுங்குவது, உடலின் எதிர்ப்பு சக்தியே தன் ரத்தத்தைத் தாக்குவது ஆகியவை இரண்டாவது வகை. சிறுநீரகச் செயலிழப்பு, நாள்பட்ட அழற்சி, தைராய்டு குறைவு, மஜ்ஜையைக் கெடுக்கும் தொற்றுகளும் மருந்துகளும் மூன்றாவது வகை.

ஒரே நோய் இரண்டு வழியிலும் வரலாம். உண்ணி கொண்டுவரும் இன்னொரு கிருமியான எர்லிக்கியா அப்படித்தான்: ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகளைக் குறைத்து மூக்கில் ரத்தம் வரவைக்கும், முற்றினால் மஜ்ஜையையும் முடக்கிவிடும்.

ஒரு ரத்தசோகைக்கு எதற்கு இத்தனை டெஸ்ட்?

நியாயமான கேள்வி. ஆனால் முதல் பரிசோதனை மிக எளியது, அதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் துளி ரத்தம் எடுத்துச் சில நிமிடங்கள் சுழல வைப்பார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்கும், நடுவில் வெள்ளையணுக்களின் மெல்லிய கோடு, மேலே தெளிந்த பிளாஸ்மா. சிவப்புப் பகுதியின் உயரம்தான் பி.சி.வி. அனுபவமுள்ளவர் அதோடு நிறுத்த மாட்டார், மேலே நிற்கும் பிளாஸ்மாவையும் பார்ப்பார். அது மஞ்சளாக இருந்தால் காமாலை. சிவந்திருந்தால் அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைகின்றன என்று சந்தேகிக்கலாம். அந்தத் திரவத்திலேயே புரதத்தையும் அளப்பார்கள். சிவப்பணுவோடு புரதமும் குறைந்திருந்தால் ரத்தம் எங்கோ ஒழுகுகிறது. புரதம் சரியாக இருந்து சிவப்பணு மட்டும் குறைந்தால் மற்ற இரண்டு வழிகளில் ஒன்று.

அடுத்தது ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்திருக்கும் இளம் சிவப்பணுக்கள் அவை. நிறைய இருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது, இழப்பு வேறெங்கோ. இல்லையென்றால் தயாரிப்பிலேயே கோளாறு. ஆனால் மஜ்ஜை பதில் சொல்ல 3 முதல் 5 நாள் பிடிக்கும். அதனால் முதல் நாள் குறைவாக வந்ததை வைத்து அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. அதேபோல அடிபட்ட ஓரிரு மணி நேரத்தில் எடுத்த பி.சி.வி. நன்றாகவே இருக்கும். போன ரத்தத்துக்கு ஈடாக உடல் தண்ணீரை ரத்தக் குழாய்க்குள் இழுத்த பிறகுதான் உண்மையான எண் தெரியும். டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை மெல்லியதாகப் பூசிப் பார்க்கும் ரத்தப் பூச்சு என்னும் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இயந்திரம் எண்களைத் தரும், பபீசியாவைக் கண்ணால் பார்த்துச் சொல்லாது. அதற்கு ஒருவர் நுண்ணோக்கியில் உட்கார வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலில் ஏன் ரத்தம் இவ்வளவு குறைகிறது?

உண்ணி குடிக்கும் ரத்தம் பொதுவாகப் பெரிய இழப்பு அல்ல. அது விட்டுச்செல்லும் கிருமிதான் ஆபத்து. பபீசியா சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி அதை உடைக்கும். கூடவே, கிருமி இருக்கும் அணு, இல்லாத அணு என்று பாராமல் உடலே எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கும். காய்ச்சல், வெளுத்த ஈறு, காப்பி நிறச் சிறுநீர், வீங்கிய மண்ணீரல் ஆகியவை இதன் அடையாளங்கள். காது நுனியில் குத்தி எடுக்கும் துளி ரத்தத்தில் கிருமி அகப்பட வாய்ப்பு அதிகம்.

எந்தப் பபீசியா என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் மருந்தே வேறு. பெரிய வகைக்கு இமிடோகார்ப் ஊசி, 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை. போட்டவுடன் எச்சில் ஒழுகலாம், வாந்தி வரலாம், ஊசி போட்ட இடம் வலிக்கும். பபீசியா கிப்சோனி என்ற சிறிய வகைக்கு அந்த ஊசி சரியாக வேலை செய்யாது; அட்டோவாகுவோன், அசித்ரோமைசின் இரண்டும் சேர்ந்து 10 நாள் கொடுக்க வேண்டியிருக்கும். "ஊசி போட்டும் கேக்கல" என்று வரும் நாய்களில் சில, இந்த வேறுபாடு பார்க்கப்படாதவை. கிப்சோனி உண்ணியால் மட்டுமின்றி, கடித்துச் சண்டை போடும்போதும் ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின், 28 நாள். இங்கே கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் காய்ச்சல் விடும், நாய் தட்டைக் காலி செய்யும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வரும். பெரும்பாலும் அந்த வாரமே மாத்திரை நின்றுபோகும். கிருமி நிற்காது. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் தங்கியிருந்து, மஜ்ஜையே வறண்ட நிலையில் வெளிப்படும். அந்தக் கட்டத்தில் மருந்து பலன் தருவது அரிது. 28 என்றால் 28.

உண்ணியைப் பிடுங்கும்போது தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவதும் சூடு வைப்பதும் வேண்டாம். பழுப்பு நாய் உண்ணி, நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு மாதக் குட்டி, ஈறெல்லாம் வெளுத்துவிட்டது. உண்ணியே இல்லையே?

முதலில் கொக்கிப்புழுவைச் சந்தேகப்படுங்கள். குடல் சுவரைக் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும் புழு இது. கடித்த இடத்தை விட்டு வேறு இடத்துக்கு மாறும்போது பழைய காயத்திலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டே இருக்கும். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும் என்பதால், சுத்தமான இடத்தில் வளர்ந்த குட்டிக்கும் வரலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது: புழு முட்டையிடத் தொடங்கும் முன்பே குட்டி ரத்தம் இழந்துவிடும். மலப் பரிசோதனையில் முட்டை இல்லை என்று வந்தாலும் கொக்கிப்புழு இல்லை என்று அர்த்தமில்லை. குட்டிக்கு உடலில் இருக்கும் ரத்தமே ஒரு கிலோ எடைக்கு 80, 90 மில்லிதான். அதில் சில மில்லி தினமும் போனால் தாங்காது.

அதனால்தான் இரண்டு வார வயதிலேயே பூச்சி மருந்தைத் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொடரச் சொல்கிறார்கள். பைரன்டெல், ஃபென்பென்டசோல் போன்றவை பயன்படும். எடைக்கு ஏற்ற அளவை டாக்டர் சொல்ல வேண்டும். தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள். மிகவும் வெளுத்த குட்டிக்குப் பூச்சி மருந்து மட்டும் போதாது. முதலில் ரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைக்க முடியும். உடம்பு முழுக்கத் தெள்ளு மொய்த்தாலும் சின்னக் குட்டிக்கு இதே கதிதான்.

வெங்காயம் கொஞ்சம் தின்றுவிட்டது. ஆபத்தா?

அளவைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனால் சிவப்பணு சிதையத் தொடங்கலாம். 10 கிலோ நாய்க்கு 150 கிராம் என்றால் நடுத்தர வெங்காயம் ஒன்றிரண்டுதான். வேகவைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு போகாது. பொடியாக இருந்தால் இன்னும் செறிவு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதும் கேடு. பூண்டும் அதே குடும்பம். அகிட்டா, ஷிபா போன்ற ஜப்பானிய இனங்கள் இன்னும் எளிதாகப் பாதிக்கப்படும்.

தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும், சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும். ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் வாந்தி எடுக்க வைக்கலாம். அதன் பிறகு நஞ்சை முறிக்கும் மருந்து என்று எதுவும் கிடையாது. ரத்த அளவைக் கண்காணித்து, தேவைப்பட்டால் ஆக்சிஜனும் ரத்தமும் கொடுப்பதுதான் சிகிச்சை.

மனிதர்களின் வலி மாத்திரையும் இந்த வரிசையில் வரும். இபுப்ரோஃபென் குடலைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியே போய் ஈறு பழுப்பாகும். டாக்டர் சொல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

எலி மருந்து தின்று மூன்று நாள் ஆகிறது, ஒன்றும் ஆகவில்லையே?

தயவுசெய்து இன்றே கூட்டிப் போங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்து, வைட்டமின் கே வேலை செய்யாமல் தடுக்கிறது. உடலில் ஏற்கெனவே இருக்கும் உறைபொருட்கள் தீரும்வரை நாய் துள்ளிக்கொண்டிருக்கும். தீர்ந்ததும் நெஞ்சுக்குள், வயிற்றுக்குள், மூட்டுக்குள் ரத்தம் கசியும். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் போகலாம். திடீர் மூச்சுத்திணறலே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

வைட்டமின் கே1 பெரும்பாலும் 3 முதல் 4 வாரம் கொடுப்பார்கள். கடைசி மாத்திரை முடிந்து 48 முதல் 72 மணி நேரத்தில் ரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதித்த பிறகே சிகிச்சை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். வைட்டமின் கே3 இதற்கு மாற்று ஆகாது. எலி மருந்துகளில் வேறு வகைகளும் உண்டு, அவற்றுக்கு இந்தச் சிகிச்சை பயன்படாது. அட்டையையோ உறையையோ மறக்காமல் எடுத்துப் போங்கள்.

"உடம்பே ரத்தத்தை அழிக்குது" என்றார் டாக்டர். அப்படி ஒரு நோயா?

ஆமாம், நாய்களில் அது அரிதும் அல்ல. எதிர்ப்பு சக்தி தன் சிவப்பணுவையே அன்னியமாக நினைத்துத் தாக்கும். நடுவயது நாய்களில் அதிகம், காக்கர் ஸ்பேனியலில் குறிப்பாக. சில நாய்களுக்கு எந்தத் தூண்டுதலும் தெரியாது. சிலவற்றுக்குப் பின்னால் பபீசியா, புற்றுநோய், ஏதாவது ஒரு மருந்து ஒளிந்திருக்கும். அதனால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்யாமல் அவசரமாக இந்த முடிவுக்கு வருவது சரியில்லை.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தோடு சில சொட்டு சலைன் என்ற உப்புநீர் விட்டு ஆட்டினால், சீராகக் கலக்க வேண்டிய ரத்தம் மணல் மணலாகத் திரண்டு நிற்கும். இதைப் பார்ப்பவருக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். நுண்ணோக்கியில் நடுவெளுப்பு இல்லாத உருண்டைச் சிவப்பணுக்களும் தெரியும்.

சிகிச்சை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. போதாவிட்டால் கூடவே இன்னொரு எதிர்ப்பு சக்தி அடக்கும் மருந்து. முதல் இரண்டு வாரம்தான் கண்டம். இந்த நோயில் பல நாய்கள் ரத்தக்குறைவால் அல்ல, நுரையீரலில் ரத்தம் கட்டித்தான் இறக்கின்றன. அதனால் குளோப்பிடோகிரெல் போன்ற உறைதடுப்பு மருந்தும் சேர்ப்பார்கள். ரத்தம் குறைந்த நாய்க்கு ஏன் இந்த மருந்து என்று குழம்பி நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு கொடுக்கும்போது தாகம், பசி, சிறுநீர், மூச்சிரைப்பு எல்லாம் கூடும். பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நீங்களாகக் குறைக்கவோ சட்டென்று நிறுத்தவோ கூடாது. மாதக்கணக்கில், ஒவ்வொரு முறையும் ரத்தம் பார்த்துத்தான் இறக்க வேண்டும். இடையில் வலி மாத்திரை கொடுத்தால் குடல்புண் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வயதான நாய் திடீரென்று சரிந்து விழுந்தது, அடுத்த நாள் எழுந்து நடக்கிறது. இதுவும் ரத்தசோகையா?

இருக்கலாம். மண்ணீரலில் இருக்கும் கட்டி லேசாகக் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் இப்படி ஆகும். கசிவு நின்றதும் தேறியதுபோல் தெரியும். ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் இனங்களில் அதிகம் பார்க்கிறோம். அடுத்த கசிவுக்கு முன் வயிற்று ஸ்கேன் எடுங்கள்.

சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஏன் குறைகிறது?

சிவப்பணு தயாரிக்கச் சொல்லி மஜ்ஜைக்கு உத்தரவிடும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அது குறைந்தால் மஜ்ஜை நன்றாக இருந்தும் வேலை நடக்காது. டார்பிபொயட்டின் என்ற ஊசி உதவும், ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

ஈரல், இரும்புச்சத்து டானிக் கொடுத்தால் ரத்தம் ஊறாதா?

ஈரலுக்கு ஒரு பெரிய வரலாறே உண்டு, அதில் நாய்களுக்குப் பங்கும் உண்டு. ஜார்ஜ் விப்பிள் என்ற அமெரிக்க மருத்துவர், ரத்தம் எடுத்து எடுத்துச் சோகையாக்கிய நாய்களுக்கு விதவிதமான உணவு கொடுத்து, ஈரல்தான் வேகமாக ரத்தம் ஊற வைக்கிறது என்று கண்டார். மனிதர்களின் ஒருவகைக் கொடிய சோகைக்கு ஈரல் உணவால் சிகிச்சை அளிக்க அது வழிகாட்டியது. 1934-இல், அந்தச் சிகிச்சையை மனிதர்களிடம் செய்துகாட்டிய மினோட், மர்பி ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்த நாய்கள் ரத்தத்தை வெளியே இழந்தவை, அதோடு இரும்பையும் இழந்தவை. கொக்கிப்புழு, தெள்ளு, நாள்பட்ட குடல் கசிவு உள்ள நாய்க்கும் இது பொருந்தும். அங்கே இரும்பு உண்மையான மருந்து. பபீசியாவிலும் எதிர்ப்பு சக்திக் கோளாறிலும் சிவப்பணு உடைந்தாலும் அதன் இரும்பில் பெரும்பகுதி உடலுக்குள்ளேயே இருக்கிறது, மேலும் இரும்பு கொட்டிப் பயனில்லை. சிறுநீரக நோயில் டானிக் மட்டும் எதையும் மாற்றாது. இரும்பு அளவு மீறினால் நஞ்சு. மனிதர்களின் இரும்பு மாத்திரை டப்பாவை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். ஈரலும் தினமும் அதிகம் போனால் வைட்டமின் ஏ கூடிப்போகும். உணவோடு சிறிதளவு போதும்.

ரத்தம் ஏற்றுவது பாதுகாப்பானதா? எவ்வளவு தேவைப்படும்?

உயிரினங்களுக்கு ரத்தம் ஏற்றிய வரலாறே நாய்களிடம்தான் தொடங்குகிறது. 1660-களில் ஆக்ஸ்ஃபர்டில் ரிச்சர்ட் லோயர், சாகும் தறுவாய்வரை ரத்தம் வடிந்த நாயை இன்னொரு நாயின் ரத்தத்தால் மீட்டுக் காட்டினார்.

நாய்களுக்கும் ரத்த வகைகள் உண்டு. முக்கியமானது டி.இ.ஏ. 1 என்ற வகை. வேறு வகை ரத்தத்தைத் தாக்கும் எதிர்பொருள், நமக்கு இருப்பதுபோல் நாய்களுக்குப் பெரும்பாலும் பிறவியிலேயே இருப்பதில்லை என்பதால், முதல் முறை ஏற்றும்போது ஒவ்வாமை குறைவு. அவசரத்தில் வகை பாராமல் ஏற்றுவதும் அதனால்தான். சில நாள் கழித்து மறுமுறை ஏற்றுவதானால் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் நாய்க்கு முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கணக்கு சுமாராக இது: ஒரு கிலோ எடைக்கு 2 மில்லி முழு ரத்தம் ஏற்றினால் பி.சி.வி. ஒரு சதவீதம் உயரும். 20 கிலோ நாய்க்கு 10 சதவீதம் உயர்த்த 400 மில்லி. முதல் அரைமணி நேரம் மிக மெதுவாக விட்டு, வாந்தி, நடுக்கம், முகவீக்கம் வருகிறதா என்று பார்ப்பார்கள். நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஏற்றிய ரத்தம் காரணத்தைத் தீர்க்காது, சிகிச்சை வேலை செய்ய அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசம் பல நாய்களுக்கு உயிர்.

எங்கள் இன்னொரு நாய் ரத்தம் கொடுக்கலாமா?

25 கிலோவுக்கு மேல், ஒன்று முதல் எட்டு வயதுக்குள், தடுப்பூசி போட்டு, உண்ணி நோய்கள் இல்லை என்று பரிசோதித்த சாதுவான நாய் என்றால் கொடுக்கலாம். ஒரு முறை சுமார் 450 மில்லி எடுப்பார்கள். பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள், ஒரே வீட்டில் வளர்ந்த நாய்க்கும் அதே பபீசியா இருக்கலாம்.

எங்களுக்குத் தொற்றுமா?

ரத்தசோகை தொற்றாது. கொக்கிப்புழுவின் இளம்புழு மட்டும் வெறுங்காலில் மண்ணை மிதித்தால் தோலுக்குள் ஊர்ந்து அரிப்பு தரும். மலத்தை அன்றாடம் அள்ளுங்கள்.

எத்தனை நாளில் தேறும்?

காரணம் சரியாகப் பிடிபட்டால் ஒரு வாரத்துக்குள் ரெட்டிகுலோசைட் ஏறும், இரண்டு மூன்று வாரத்தில் ஈறு சிவக்கும். புழுவால் இழந்த குட்டி வியக்கவைக்கும் வேகத்தில் தேறும். எதிர்ப்பு சக்திக் கோளாறுக்கு மாதங்கள் ஆகும். சிறுநீரகச் சோகைக்கு வாழ்நாள் கவனிப்பு. கடுமையான நிலையில் பி.சி.வி.யைத் தினமும், தேறத் தொடங்கியதும் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை பார்ப்பார்கள். ஒவ்வொரு எண்ணையும் தேதியோடு ஒரே நோட்டில் எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் கொண்டுபோங்கள். அதுவரை ஓட்டமும் குதியாட்டமும் வேண்டாம், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்.